பெட்டிக்காரரின் வயிற்றெரிச்சல்

என் வீட்டுக்காரருக்குப் பொறாமை என்பது சளி, காய்ச்சல் மாதிரி வந்து போகிற சங்கதி இல்லை. அது அவருடைய உடம்பு வாகு. எதிர் வீட்டில் புதுத் தண்ணீர்த் தொட்டி வைத்தால் இவருக்குத் தாகம் எடுக்கும். பக்கத்துக் கடைக்காரர் பத்து நாள் லீவு எடுத்துவிட்டுக் கன்னம் உப்பி வந்தால் இவர் கண்ணாடி முன்னால் போய் நின்றுகொள்வார். ஒருமுறை அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். துக்கம் கேட்டுவிட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "என்ன கூட்டம் தெரியுமா? எனக்கெல்லாம் இவ்வளவு பேர் வருவாங்களா?" என்று கேட்டார். "முதல்ல நீங்க போய்ச் சேருங்க, அப்புறம் எண்ணிப் பார்த்துச் சொல்றேன்" என்றேன். அன்று முழுக்க என்னோடு பேச்சு இல்லை. செத்தவரைப் பார்த்து வயிறு எரிகிற ஆளை வேறெங்கும் நான் கண்டதில்லை.

ஊரில் அவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். கார்களுக்கு ஊஃபர் பெட்டி செய்து மாட்டுவது தொழில். பாட்டின் அடியில் கிடந்து நெஞ்சைத் தட்டுகிற அந்தக் கனத்த சத்தத்தைத் தருவதுதான் ஊஃபர். ஸ்பீக்கரைக் காசு கொடுத்து யாரும் வாங்கிவிடலாம். அதை உட்கார வைக்கிற மரப்பெட்டி சரியில்லை என்றால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரிதான் கேட்கும். டாக்ஸி நிற்கிற இடத்துக்குப் பின்னால், டயர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவில் அவருடைய கடை. உள்ளே போனால் மரத்தூளும் பசை நாற்றமும் மூக்கை அடைக்கும். பெட்டியை மாட்டிய பிறகு அவர் காரின் பின்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைக் கதவில் வைத்துப் பாட்டைக் கேட்பார். எந்த இடத்தில் அதிர்கிறது, எங்கே ஓர் ஆணி தளர்ந்திருக்கிறது என்று கையாலேயே சொல்லிவிடுவார். வேலையில் அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குணத்தைப் பற்றித்தான் பேச்சு.

வீட்டில் கடைக்குட்டி அவர். மூத்தவர்கள் போட்டுக் கழித்த சட்டையும் கால்சட்டையும் சைக்கிளும்தான் அவருக்கு வந்து சேர்ந்தன. பள்ளிக்கூடத்து வாத்தியார்கூட அவரை "பெரியவனோட தம்பி" என்றுதான் கூப்பிட்டாராம். இதை அவர் சொல்லும்போது எனக்குப் பாவமாக இருந்தது. அப்போது எங்களுக்குக் கல்யாணமான புதிது. எதைச் சொன்னாலும் பாவமாகத்தான் இருக்கும்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்ற மாதிரி அரைத்துக் கொடுப்பேன். எனக்கு ஒரே ஒரு தம்பி. உடம்பு குச்சி மாதிரி இருக்கும், குரல் மட்டும் ஜல்லியைத் தரையில் இழுப்பது போல வரும். அந்தக் குரலுக்காகவே எல்லோரும் அவனைக் கரகர என்று கூப்பிட்டார்கள். படிப்பு முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் பேர்வழி என்று என் வீட்டுக்காரர் கடையிலேயே பழியாகக் கிடந்தான். வேலை தேடவில்லை, வார்த்தை தேடினான். அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊரில் ராப் பைத்தியம் தொடங்கியிருந்தது. எந்த மொட்டைமாடியைப் பார்த்தாலும் நாலு பேர் வட்டமாக நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பார்கள். சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து நான் ஒரு தடவை விலக்கிவிடப் போனேன்.

என் வீட்டுக்காரர் கடையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை இருந்தது. மிச்சமான ஸ்பாஞ்சையெல்லாம் சுவரில் ஒட்டி, ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, தம்பியை உள்ளே தள்ளினார். அப்படிப் பிறந்ததுதான் மரத்தூள் ரெக்கார்ட்ஸ். அந்த அறையிலிருந்து யார் வெளியே வந்தாலும் தலை நரைத்த மாதிரி தூள் இருக்கும், அதனால் அந்தப் பெயர். அவர்களோடு சேர்ந்த பையன்கள் பின்சீட்டு என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். பாட்டைப் பதிவு செய்ததும் எல்லோரும் ஒரு காரின் பின்சீட்டில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து கேட்பார்கள். என் வீட்டுக்காரர் தலையசைத்தால்தான் பாட்டு முடிந்ததாக அர்த்தம்.

அப்போது அவர் ஒரு வேலை செய்தார். கெட்டிக்கார வேலை, இல்லையென்று சொல்லமாட்டேன். பெட்டி மாட்டுகிற ஒவ்வொரு காருக்கும் மரத்தூள் பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டு இலவசமாகக் கொடுத்தார். டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்கு நாள் முழுக்க ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லோர் காதிலும் என் தம்பியின் குரல் விழுந்தது. ரேடியோவும் இல்லை, கடையும் இல்லை, எங்கள் ஊர் ராப் டாக்ஸியிலேதான் வளர்ந்தது. மற்ற குழுக்காரர்களும் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, "அண்ணே, நம்ம பாட்டையும் கொஞ்சம் போட்டு விடுங்கண்ணே" என்று குழைவார்கள். அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் நடந்தால் தரையில் கால் பாவாது.

இந்தச் சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போட்டவர் ஒரு பல் டாக்டர். தமாஷ் இல்லை, நிஜமான பல் டாக்டர்தான். ராப் மேல் அவருக்கு ஆசை. ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் ஏசி போட்டு, கண்ணாடி அறை கட்டி, மேல்மாடி ரெக்கார்ட்ஸ் என்று தொடங்கிவிட்டார். மரத்தூளில் இருமி இருமிப் பாடிய பையன்களுக்கு அந்த இடம் சொர்க்கமாகத் தெரிந்தது. ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் என் தம்பியும் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"மாமா, அங்க ஒரே ஒரு பாட்டு பண்ணிட்டு வந்துடறேன்."

"போடா. உன்னை யாரு கட்டி வச்சிருக்கா?" என்றார் இவர். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நானும் நம்பிவிட்டேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தம்பி அங்கே செய்த பாட்டின் பெயர் 'படிக்கட்டு'. லிஃப்ட் கெட்டுப்போன அடுக்குமாடியில் அம்மா மூச்சு வாங்க வாங்க ஏறுவதைப் பற்றிய பாட்டு. எங்கள் அம்மாதான். அந்தப் பாட்டை முதல் தடவை என் போனில் கேட்டபோது நான் லென்ஸ் அரைக்கிற மிஷினை நிறுத்திவிட்டு அழுதேன். வந்த புதிதில் எங்கே பார்த்தாலும் அதுதான். என் வீட்டுக்காரர் மாட்டிய ஸ்பீக்கரில், அவர் கடை வாசலிலேயே, டாக்ஸிக்காரர்கள் அதைப் போட்டுவிட்டு அவருடைய முகத்தையே பார்த்து, "உங்க மச்சான் பின்னிட்டான்" என்பார்கள். இவர் காதில் புகை வருவது எனக்கே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? எதிர் வீட்டுத் தொட்டிக்கு எரிந்த அதே வயிறுதானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு என்ன ஆயிற்று என்று ஒருவருக்கும் புரியவில்லை. கொஞ்ச நாளிலேயே டாக்ஸிக்காரர்கள் அந்தப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். "தலை வலிக்குதுப்பா", "கதவெல்லாம் உதறுது, என்ன பாடறான்னே புரியல", "ஏறினவங்க நிறுத்தச் சொல்றாங்க" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். 'படிக்கட்டு' படுத்துவிட்டது. பல் டாக்டர் என் தம்பியைக் கூப்பிட்டு, "உன் குரல் ரொம்ப கனம். கார்ல எடுபடல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவன் திரும்ப மரத்தூளுக்கும் வரவில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனியில் சேர்ந்தான். படிக்கட்டைப் பற்றிப் பாடினவன் லிஃப்டுக்கு எண்ணெய் விடப் போனான் என்று ஊரே கேலி பேசியது. அவனும் சேர்ந்து சிரித்தான். "எனக்கு எழுத வரும்க்கா. குரல்தான் வரல" என்று என்னிடம் சொல்லும்போதுகூடச் சிரித்தான். கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவான். அவன் வந்து போகும் அந்த அரை நாள்தான் எனக்கு வாரத்தில் மூச்சு விடுகிற நேரம்.

மரத்தூளும் அதோடு மெல்ல மூடிக்கொண்டது. ஊரில் ராப் மட்டும் நிற்கவில்லை. புதிது புதிதாகப் பையன்கள், பெண்கள், குழுக்கள் வந்தார்கள். வெளியூர்க்காரர்கள்கூட எங்கள் ஊர்ப் பாட்டைக் கேட்டதும் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். காரணம், எங்கள் ஊர்ப் பாட்டில் ஊஃபரில் வருகிற அந்த அடிச்சத்தம் கிடையாது. கனத்த பேஸ் இல்லாமல், காய்ந்த தாளம் மட்டும் டக் டக்கென்று விழும். குரல் காதோடு வந்து பேசும். அதற்கு ஊர்ப் பெயரை வைத்தே ஒரு பெயர் வந்துவிட்டது. அந்தச் சவுண்டை யார் கொண்டுவந்தது என்பதுதான் பெரிய சண்டை. இணையத்தில் பெற்ற தாய் தகப்பனை இழுத்துத் திட்டிக்கொள்வார்கள். மேல்மாடிதான் என்று ஒரு கட்சி. தொட்டிக் குழுதான் என்று இன்னொரு கட்சி. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று பாடிய பையன்கள் அவர்கள். மரத்தூள் என்று ஒரு பயலும் எழுதமாட்டான். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போதும் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பார். சோறு ஆறிப்போகும், வயிறு மட்டும் ஆறாது.

இப்படி இருக்கும்போது ஒரு பெண் கடைக்கு வந்தாள். இணையத்தில் பேட்டி எடுத்துப் போடுகிறவள். நூலகத்து மேல் ஹாலில் விவாதக் கூட்டம் வைக்கிறாளாம். 'நம்ம ஊர் சவுண்டை உருவாக்கியது எந்த லேபிள், எந்தக் குழு?' என்பதுதான் தலைப்பு. பாட்டு வெளியிடுகிற கம்பெனியைத்தான் லேபிள் என்கிறார்கள். இவர் எழுந்து நின்று சட்டையில் இருந்த தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். பேசக் கூப்பிட வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

"ஹாலுக்கு ஸ்பீக்கர் வேணும் அங்கிள். வாடகைக்குத் தருவீங்களா?" என்றாள் அவள்.

நான் அப்போது சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்கப் போயிருந்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். இவர் நிதானமாகக் கேட்டார்.

"மேடையில யார் யார் பேசறாங்க?"

"மேல்மாடி டாக்டரும் தொட்டிக் குழுத் தலைவரும்."

"அப்ப ஸ்பீக்கர் இல்ல."

"அங்கிள்?"

"ஸ்பீக்கர் வேணும்னா மேடையில மூணாவது நாற்காலி போடு. மரத்தூள்னு பேர் எழுதி ஒட்டு. வாடகை வேணாம், ஒண்ணும் வேணாம்."

அந்தப் பெண் போனில் யாரையோ கேட்டுவிட்டுச் சரி என்றாள். இப்படி அடம் பிடித்து வாங்கிய நாற்காலிக்காக அவர் புதுச் சட்டை தைத்தார். ஸ்பீக்கர் தூக்கவும், மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் ஆள் வேண்டுமே. என் தம்பியைக் கூப்பிட்டார். அவனும் "சரி மாமா, லீவு போட்டுட்டு வர்றேன்" என்றான். மடியில் இருப்பதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற பிறவி அவன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை. நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் ஃபிரிட்ஜைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அந்த டாக்டர் மூஞ்சிய நீ பாக்கணும். இந்தச் சவுண்டுக்கு மூல காரணம் நான். என்னால நிரூபிக்க முடியும்."

"எப்படி நிரூபிப்பீங்க?" என்றேன் கையை நிறுத்தாமல்.

அவருக்குக் குஷி பிறந்துவிட்டது. எனக்கு விளங்க வேண்டுமே என்று ஒரு டம்ளரை எடுத்து அதன் வாயில் ஊதிக் காட்டினார். ஊஃபர் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பைப் இருக்குமாம். காற்று போய் வருகிற வழி. அந்தப் பைப்பை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுகிறோமோ அதற்கு ஏற்ற மாதிரி ஏதோ ஒரு சுருதி மட்டும் முட்டிக்கொண்டு வருமாம். அந்தச் சுருதியில் பேஸ் இருக்கிற பாட்டைப் போட்டால் சத்தம் பொங்கி வழிந்து, கார் முழுக்க நடுங்கி, குரல் அமுங்கிப்போகும். மற்ற பாட்டெல்லாம் ஒழுங்காகக் கேட்கும்.

"நான் எல்லா டாக்ஸிலயும் பைப்பை ஒரே அளவுக்கு மாத்தினேன். அதுக்கப்புறம் அந்தக் கனத்துல எவன் பாட்டு பண்ணினாலும் கார்ல ஓடல. ஏன்னு தெரியாமலே எல்லாப் பயலும் பேஸை எடுத்துட்டான். அதுதான் இன்னைக்கு ஊர் சவுண்டு. எப்படி?"

கத்தி என் கையிலேயே நின்றுவிட்டது.

"அந்த அளவை எதுக்காக வச்சீங்க?"

அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். எந்தப் பாட்டுக்காக வச்சீங்க?"

"நான் மாட்டின ஸ்பீக்கர்ல, என் கடை வாசல்ல, எவனோ ஒரு பல்லு புடுங்கறவனோட பாட்டு ஓடுது. நான் என்ன பண்ணுவேன்?"

"அது என் தம்பி பாட்டு."

"எனக்குத் தெரியும்."

அந்த நாட்களில் அவர் பழைய வண்டிகளையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு இலவசமாக சர்வீஸ் செய்து கொடுத்தார். எவ்வளவு தாராள மனசு என்று நான் என் கடையில் பெருமையடித்திருக்கிறேன். அதை நினைத்ததும் கையில் கிடைத்த கரண்டியை விட்டெறிந்தேன். அவர் மேல் படவில்லை, ஃபிரிட்ஜில் ஒரு பள்ளம் விழுந்தது. அவன் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தானே, அதைப் பிடுங்கிவிட்டு அவன் தட்டில் சோறு போட்டு, "இன்னும் கொஞ்சம் வச்சுக்க மச்சான்" என்று எப்படி உங்களால் சொல்ல முடிந்தது என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கோபம் கொஞ்சம் அடங்கியதும் பயம் வந்தது. நாளைக்கு மேடையில் இவர் இதைச் சொன்னால் தம்பி அங்கேயே இருப்பான். கேட்டால் உடைந்துபோவான். எங்கள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டான். அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"என் தலையில கை வச்சுச் சொல்லுங்க. இதை அங்க பேசக் கூடாது."

"அப்ப நான் ஜெயிக்கறதுக்கு வேற என்ன இருக்கு?"

"தோத்துட்டு வாங்க. உங்களுக்கு நான் சமைச்சுப் போடணுமா வேணாமா?"

என் தலையில் கை வைத்தார். சொல்லவும் சொன்னார்.

ஹாலில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் சன்னல் திட்டிலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மூன்று பேர். பல் டாக்டர் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். தொட்டிக் குழுத் தலைவர் இப்போது இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். வந்தவர்களுக்கெல்லாம் முதலிலேயே கார்டு கொடுத்துவிட்டார். மூன்றாவது நாற்காலியில் புதுச் சட்டையில் இவர். ஹாலின் கடைசியில் ஒரு மேசை மேல் மிக்ஸர் வைத்து, மைக் சத்தங்களைக் கூட்டிக் குறைத்தபடி என் தம்பி நின்றான். நான் இவருக்கு நேர் எதிரே முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். கண்ணை எடுக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

தொட்டித் தலைவர் முதலில் பேசினார். மாடியில் கரண்ட் கிடையாது, தொட்டியைக் கையால் தட்டித்தான் பாடினோம், அந்தக் காய்ந்த சத்தம் அங்கேயிருந்து வந்தது என்றார். கைதட்டல். இவர் தொடையைப் பிசைந்தார். பேட்டிக்காரப் பெண் இவரைப் பார்த்து, "மரத்தூள் என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார். டாக்ஸி, பென் டிரைவ், பின்சீட்டு என்று பழைய கதையைச் சொல்லி நிறுத்திக்கொண்டார். நாலு பேர் தட்டினார்கள். அவர்களில் ஒருவன் என் தம்பி. எனக்கு அப்பாடா என்று இருந்தது. மனுஷன் வாக்கைக் காப்பாற்றிவிட்டார், வீட்டுக்குப் போய் நல்லதாக ஏதாவது சமைத்துப் போடலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

கடைசியில் பல் டாக்டர் மைக்கை வாங்கினார்.

"மரத்தூளைப் பத்தித் தப்பா சொல்லலை. நல்ல கடை. ஸ்பீக்கர் நல்லா மாட்டுவாங்க. ஆனா லேபிள்னு சொல்ல முடியாது." ஹால் சிரித்தது. "இந்த சவுண்ட் எங்க பொறந்துச்சுன்னு நான் சொல்றேன். ஒரு தோல்வியில பொறந்துச்சு. எங்க லேபிள்ல கரகரன்னு ஒருத்தர் பாடினார். குரல் ரொம்ப கனம். 'படிக்கட்டு'ன்னு ஒரு பாட்டு, கார்ல கேக்கவே முடியல, படுத்துடுச்சு. அந்தத் தோல்வியைப் பார்த்துதான் பேஸை எடுக்கணும்னு நான் முடிவு பண்ணினேன். ஒரு வகையில அவர் தோத்ததாலதான் இந்த ஊர் ஜெயிச்சது."

அப்படி ஒரு கைதட்டல். நான் திரும்பிப் பார்த்தேன். தம்பி மிக்ஸரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது. நான் மேடைப் பக்கம் திரும்புவதற்குள் இவர் எழுந்துவிட்டார். என் தம்பிக்காக எழுந்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். எனக்கு அவரைத் தெரியும். தோற்கடித்த பெருமைகூட இன்னொருத்தனுக்குப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை.

"நீ என்னத்த முடிவு பண்ணினே? அந்தப் பாட்டைப் படுக்க வச்சது நான்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று வாயசைத்தேன். அவர் என் பக்கமே பார்க்கவில்லை. பைப் அளவு, சுருதி, டாக்ஸி டாக்ஸியாக மாற்றியது, இலவச சர்வீஸ், ஒன்று விடாமல் கொட்டினார். கையால் பைப்பை வெட்டிக் காட்டினார். டம்ளருக்குப் பதில் தண்ணீர் பாட்டிலில் ஊதிக் காட்டினார். அவ்வளவு அழகாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பேட்டிக்காரப் பெண் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "ஐயோ, அப்ப இவ்வளவு வருஷமா நாங்க எல்லாரும் உங்க பெட்டிக்குத்தான் பாட்டு பண்ணிட்டு இருந்தோமா?" என்று யாரோ ஒரு பையன் கத்தினான். ஹால் அதிர்ந்தது. எழுந்து நின்று தட்டினார்கள். பல் டாக்டருக்கு முகத்தில் ஈயாடவில்லை. என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க நின்றார். ஜென்மம் முழுக்க எதற்காக எரிந்துகொண்டிருந்தாரோ அது அவர் கைக்கு வந்துவிட்டது. எனக்குத் தலையைத் தரையில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மாமா."

மைக் இல்லாமலே அந்தக் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. தம்பி மேசையைச் சுற்றிக்கொண்டு நடுவழிக்கு வந்திருந்தான். அடிப்பான், திட்டுவான், அழுவான் என்று நான் எழுந்தே விட்டேன்.

"அப்ப பாட்டு நல்லா இருந்துச்சா மாமா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. பரீட்சை முடிவு கேட்கிற மாதிரி கேட்டான்.

இன்னொருவர் செய்ததை நல்லாயிருக்கு என்று என் வீட்டுக்காரர் சொல்லி எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. என் சமையலுக்குக்கூட "பரவால்ல" தான். மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பல் டாக்டரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். எங்கேயும் தப்பிக்க வழி இல்லை.

"நல்லா இருந்துச்சுடா" என்றார். குரல் உள்ளே போய்விட்டது. "அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதனாலதான்."

தம்பி தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். மறைத்து வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று நான் கிளம்பினேனே, அவனுக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு வார்த்தைதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என் பொண்ணைத் தூங்க வைக்க நான் ஒரு தடவகூடப் பாடினதில்ல மாமா" என்றான். "என் குரலைக் கேட்டா அவளுக்குத் தலை வலிக்கும்னு நெனச்சேன்."

மேடையில் இவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் என் பையை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போனேன்.